சன்னது பறிபோன வக்கீல்

தூத்துக்குடி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விட்டுக்கொள். இங்கே எல்லோரும் சுகம். சின்னவள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். வீடு கலகலவென்று இருக்கிறது.

வக்கீல் தொழிலை விடப்போவதாக எழுதியிருந்தாய். ஓய்வெடுப்பது உன் விருப்பம். ஆனால் சட்டத்தை நம்பி ஆயுளை வீணாக்கிவிட்டேன் என்றும் எழுதியிருக்கிறாயே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. படித்தவுடன் வ.உ.சி. நினைவுதான் வந்தது. கப்பலும் செக்கும் ஊரறிந்த கதை. எனக்குச் சில காலமாக மனத்தில் நிற்பவர் வக்கீல் சிதம்பரம் பிள்ளை.

ஒட்டப்பிடாரத்தில் தந்தை உலகநாத பிள்ளையும் வக்கீல். மகன் பிளீடர் தேர்வில் தேறி அங்கேயே தொழில் தொடங்கினார். ஏழைகளுக்காகப் போலீசை எதிர்த்து வாதாடி அதிகாரிகளின் பகையைத் தேடிக்கொண்டார். 1900-இல் தூத்துக்குடிக்கு இடம் மாறினார்.

சுதேசிக் கப்பல் கம்பெனியை அவர் உண்டாக்கிய விதத்தைப் பார். 1906 அக்டோபரில் முறைப்படி பதிவு. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். தலைவர் பாண்டித்துரைத் தேவர். வெள்ளைக்காரன் எழுதிய சட்டத்தை வைத்தே வெள்ளைக்காரக் கம்பெனிக்குப் போட்டியை எழுப்பினார். அந்த வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனியான பி.ஐ. (பிரிட்டிஷ் இந்தியா) கொழும்புக் கட்டணத்தை அடிமட்டத்துக்கு இறக்கிப் பார்த்தது. ஆனாலும் 1907-இல் காலியா, லாவோ என்ற இரண்டு சொந்தக் கப்பல்கள் வந்து சேர்ந்தன. 1908 தொடக்கத்தில் அவர் முன்னின்று நடத்திய தூத்துக்குடி கோரல் நூற்பாலை வேலைநிறுத்தத்திலும் தொழிலாளர்களுக்குக் கூலி உயர்வும் வார விடுமுறையும் கிடைத்தன. அரசாங்கம் அதற்குமேல் பொறுக்குமா? மார்ச் 12-இல் அவரும் சுப்பிரமணிய சிவாவும் கைதானார்கள். மறுநாள் நெல்லையில் கலவரம், துப்பாக்கிச் சூடு. நான்கு உயிர்கள் போயின.

ஜூலை 7-ஆம் தேதி நீதிபதி பின்ஹே கொடுத்த தீர்ப்பைப் பற்றி நாம் கல்லூரி நாட்களிலேயே கொதித்துப் பேசியிருக்கிறோம். ராஜதுரோகமாகப் பேசியதற்கு ஓர் ஆயுள் தண்டனை. சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு இன்னொன்று. தீர்ப்பைக் கேட்டுத் தம்பி மீனாட்சிசுந்தரத்துக்குச் சித்தம் கலங்கிப்போனது. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்ததால் 1912 டிசம்பரில் கண்ணூர்ச் சிறையிலிருந்து வெளியே வந்தார். வரவேற்கக் கூட்டம் இல்லை. சிவாவும் இன்னும் சிலரும் நின்றிருந்தார்கள். கம்பெனியோ அதற்கு முன்பே கலைக்கப்பட்டிருந்தது.

இதற்குப் பிறகு அவர் வாழ்ந்த 24 ஆண்டுகளை மேடைகளில் யாரும் பேசுவதில்லை. எனக்கு அது பெரிய குறை. வெளியே வந்த மனிதரிடம் சன்னது, அதாவது வக்கீல் தொழில் செய்வதற்கான உரிமம், இல்லை. கோர்ட் வாசலை மிதிக்க முடியாத வக்கீல்! சென்னையில் சிறு வியாபாரம் செய்து பார்த்தார்; கடன் ஏறியதே தவிர வருமானம் வரவில்லை. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்காகத் திரட்டிய பணம் காந்தியிடம் இருந்தது. அதற்காக எழுதி, விசாரித்து, காத்திருந்து, கடைசியில் 1916-இல் 347 ரூபாய் 12 அணா பெற்றார். கப்பல் வாங்கியவர், நண்பா! இந்த வறுமைக்கு நடுவில்தான் தமிழ் ஏடுகளில் மூழ்கினார். தொல்காப்பியப் பொருளதிகாரத்துக்கு இளம்பூரணர் எழுதிய உரையைப் பதிப்பிக்கும் வேலையிலும் இறங்கினார்.

நீதித்துறையை வெறுக்க அவரைவிடக் காரணம் உள்ளவர் யார்? ஆனால் சன்னதைத் திரும்பப் பெற அவர் விடாமல் முயன்றார். வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் அது கிடைத்தபோது, நன்றிக்காகத் தம் பிள்ளைக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். பின்ஹேயின் தீர்ப்பால் குடும்பமே சிதைந்தவர், இன்னொரு வெள்ளைக்கார நீதிபதியின் பெயரைத் தம் வீட்டுக்குள் கொண்டுவந்தார். இதை அடிமைப் புத்தி என்று ஒருவர் என்னிடம் சொன்னார். நான் கடுமையாக மறுத்தேன். ஆட்சியை எதிர்த்தவர் மனிதரை மனிதராகப் பார்த்தார். அந்த மனவிரிவு எனக்குக் கப்பலைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

மீண்டும் கோவில்பட்டியில் தொழில் நடத்தினார். பிறகு தூத்துக்குடிக்கே வந்து 1936 நவம்பர் 18-இல் காலமானார். அவர் எழுதிவைத்த உயிலில் ஜவுளிக் கடைக்கும் எண்ணெய்க் கடைக்கும் கொடுக்க வேண்டிய பாக்கிகளும் இருக்கின்றன. நீ எத்தனையோ உயில்கள் எழுதிக் கொடுத்தவன். அதை ஒரு வக்கீலின் கண்ணோடு நீ படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

உன்னிடம் வந்த ஏழைக் கட்சிக்காரர்களில் எத்தனை பேரிடம் கட்டணம் வாங்காமல் வாதாடினாய் என்று எனக்குத் தெரியும். ஆகவே அந்த 'வீணாக்கிவிட்டேன்' என்ற பேச்சை மட்டும் திரும்பப் பெற்றுக்கொள். கண் சரியானதும் ஒரு வாரம் இங்கே வந்து தங்கு. ஒட்டப்பிடாரத்தில் அவருடைய நினைவு இல்லத்துக்குப் பஸ்ஸிலேயே போய் வரலாம். எந்த வாரம் வசதிப்படும் என்று எழுது.

அன்புடன்,
உன் பழைய தோழன்