பதிலுக்கும் அடுத்த கேள்விக்கும் நடுவே உள்ள நேரத்தையும் சோதியுங்கள்

மொழி மாடலைச் சர்வரில் ஓட்டிப் பயனர்களுக்குப் பதில் தரும் விஎல்எல்எம், எஸ்ஜிலாங் போன்ற திறந்த மூல சர்விங் மென்பொருள்களை உருவாக்கும் குழுக்களுக்கும், அவற்றின் வேகத்தைச் சோதித்து பெஞ்ச்மார்க் எண்களை வெளியிடுபவர்களுக்கும் வணக்கம்.

கையில் இருக்கும் ஜிபியுவை வைத்துக்கொண்டு சொந்தமாக மாடல் ஓட்டுகிற எங்களைப் போன்றவர்களுக்கு உங்கள் உழைப்புதான் ஆதாரம். அந்த நன்றியோடும் உரிமையோடும் ஒன்று கேட்கிறேன். பல சுற்று உரையாடல்களைச் செயற்கையாக உருவாக்கி சர்வரைச் சோதிக்கும்போது, பதில் வந்ததற்கும் அடுத்த கேள்வி போவதற்கும் நடுவே மனிதர் எடுத்துக்கொள்ளும் நேரத்தையும் சேர்த்தே உருவாக்குங்கள். எண்ணை வெளியிடும்போது அந்த நேரத்தை எவ்வளவு வைத்தீர்கள் என்றும் எழுதுங்கள்.

உரையாடலில் இதுவரை வந்த ஒவ்வொரு டோக்கனுக்கும் (சொல் துண்டுக்கும்) மாடல் கணக்கிட்டதை, மறுபடி கணக்கிடாமல் இருக்க சர்வர் ஜிபியு நினைவகத்தில் சேமித்து வைக்கும். இதுதான் கேவி கேச். மெட்டாவின் லாமா 3 70பி மாடலை எடுத்துக்கொள்வோம். 80 அடுக்குகள், ஒவ்வொன்றிலும் 8 கேவி ஹெட் (கேச்சில் சேமிக்கும் கீ, வேல்யூ எண்களைத் தரும் பகுதி), ஒரு ஹெட்டுக்கு 128 பரிமாணம். கீ, வேல்யூ இரண்டையும் 16 பிட்டில் கணக்குப் போட்டால் ஒரு டோக்கனுக்கு 320 கிலோபைட் கேவி கேச் வேண்டும். 8,000 டோக்கன் வரை வளர்ந்த ஒரே ஒரு உரையாடல் சுமார் 2.6 ஜிபியைப் பிடித்துக்கொள்ளும். 80 ஜிபி ஜிபியு எட்டு இருந்தாலும், மாடலுக்கே 140 ஜிபி போன பிறகு, அப்படிப்பட்ட உரையாடல்களில் இருநூறைக்கூட வைத்திருக்க முடியாது. ஒருவர் பதிலைப் படித்து யோசித்து அடுத்த கேள்வியைத் தட்டுவதற்குள் மற்றவர்கள் வந்து குவிகிறார்கள். இடம் போதாதபோது, வெகுநேரம் தொடப்படாத கேச் துண்டுகள் (பிளாக்குகள்) முதலில் வெளியேற்றப்படும். அவர் திரும்பி வரும்போது பழைய பேச்சு முழுவதையும் சர்வர் மறுபடி கணக்கிட வேண்டும். முதல் டோக்கனுக்காக அவர் காத்துக் கிடப்பது அதனால்தான்.

பதில் வந்த நொடியே அடுத்த கேள்வியை அனுப்பும் சோதனையில், அதுவும் கொஞ்சம் உரையாடல்களே ஓடும்போது, இது நடக்கவே நடக்காது. கேச் எப்போதும் தயாராக இருக்கும், எண்ணும் அழகாக வரும். அதை நம்பி வன்பொருள் வாங்குபவர் பிறகு தவிக்கிறார்.

உரையாடல் வரலாற்றில் எந்தப் பதிலைச் சேர்க்கிறீர்கள் என்பதும் முக்கியம். மாடல் ஒன்றைச் சொல்லியிருக்க, முன்பே தயாரித்து வைத்த வேறு பதிலை அடுத்த சுற்றில் செருகினால், தொடக்கத்திலிருந்து ஒத்துப்போகும் பகுதிவரை மட்டுமே பழைய கணக்கைப் பயன்படுத்தும் பிரீஃபிக்ஸ் கேச் அந்த இடத்தோடு அறுந்துவிடும். இங்கே எண் உண்மையைவிட மோசமாக வரும். நேர்மாறாக, எல்லா உரையாடல்களும் ஒரே நூலின் ஒரே பத்தியில் தொடங்கினால், நிஜத்தில் இல்லாத பொது முன்பகுதி முளைத்துவிடும். சிஸ்டம் பிராம்ப்ட் (தொடக்கத்தில் மாடலுக்குத் தரும் அறிவுறுத்தல்) பொதுவாக இருப்பது சரி. அதற்கு அப்புறம் ஒவ்வொரு உரையாடலும் தனியாகப் பிரிய வேண்டும்.

காத்திருப்பு நேரத்தின் சராசரியை மட்டும் தராதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். முதல் சுற்றையும் பத்தாவது சுற்றையும் ஒன்றாகக் கலந்து எடுத்த சராசரி இரண்டைப் பற்றியும் எதுவும் சொல்வதில்லை. சுற்றுவாரியாகப் பிரித்து, கூடவே 99-வது சதமானத்தையும் (நூற்றில் 99 கோரிக்கைகள் அதற்குள் அடங்கும் நேரத்தையும்) தாருங்கள்.

கடைசியாக, மொழி. விஎல்எல்எம்மின் பல சுற்று சோதனைக் கருவியில் சுற்றுகளின் எண்ணிக்கை, பொது முன்பகுதியின் நீளம், கேள்வி பதில்களின் நீளம் எல்லாவற்றுக்கும் தனித்தனியே பரவல் அமைக்கலாம். நல்ல ஏற்பாடு அது. ஆனால் செயற்கை உரையாடல்களை நிரப்புவதற்கான உரையாக அதன் வழிமுறை காட்டுவது, இலவச மின்னூல்களைத் தரும் குட்டன்பர்க் திட்டத்தில் ஆங்கிலத்தில் உள்ள நாவல் ஒன்றை. ஒரே விஷயத்தைத் தமிழில் எழுதினால் பல டோக்கனைசர்களில் (உரையை டோக்கன்களாக வெட்டும் கருவிகளில்) டோக்கன் எண்ணிக்கை ஆங்கிலத்தைவிட வெகுவாகக் கூடும். ஆகவே தமிழில் பேசுபவரின் உரையாடல் சீக்கிரமே பருத்து, கேச்சில் அதிக இடம் பிடிக்கும். ஆங்கில உரைக்கு ஏற்ப அமைத்த நீளங்கள் எங்கள் பயனர்களுக்குப் பொருந்தாது. மதுரைத் திட்டம் 1998 முதல் தமிழ் நூல்களை மின்னுரையாக இலவசமாகத் தந்து வருகிறது. அதிலிருந்து பதிப்புரிமைக் கட்டுப்பாடு இல்லாத உரைநடை ஒன்றை எடுத்து, ஆங்கிலத்துக்குப் பக்கத்தில் இரண்டாவது மாதிரி உரையாக வையுங்கள். நீளங்களைத் தமிழுக்கு ஏற்ப அமைத்துத் தரும் வேலையை நானே செய்கிறேன்.