நீரைச் சோதிக்காமல் இயந்திரம் வாங்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை தொடங்கிவிட்டால் நம் ஊரில் இளநீர்க் கடைகளுக்கு அடுத்தபடியாகப் பெருகுபவை குடிநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரங்களின் விளம்பரங்களே. தங்கள் நாளிதழின் நடுவிலிருந்து கடந்த ஒரு வாரத்தில் விழுந்த துண்டறிக்கைகளில் நான்கு இவ்வகையைச் சேர்ந்தவை. ஏழு கட்டச் சுத்திகரிப்பு, ஒன்பது கட்டச் சுத்திகரிப்பு என்று அவை ஒன்றோடொன்று போட்டியிடுகின்றனவே தவிர, எந்த நீருக்கு எந்தக் கருவி தேவை என்பதற்கு ஒன்றில்கூட விடை இல்லை. முப்பதாண்டுகளுக்கு மேல் அரசுப் பள்ளியில் வேதியியல் கற்பித்தவன் என்ற முறையில், இதுகுறித்து எனக்குத் தெரிந்ததைத் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

சென்ற மாதம் சத்துவாச்சாரியில் உள்ள எங்கள் வீட்டுக்கு விற்பனைப் பிரதிநிதி ஒருவர் வந்தார். இரண்டு கண்ணாடி டம்ளர்களில் ஒன்றில் எங்கள் குழாய் நீரையும் மற்றொன்றில் தாம் கொண்டுவந்த ஆர்.ஓ. நீரையும் (மெல்லிய சவ்வின் வழியே அழுத்தி உப்பைப் பிரித்தெடுத்த நீர்) ஊற்றி, உலோகக் கம்பிகள் பொருத்திய சிறு கருவியை இரண்டிலும் வைத்து மின்சாரம் செலுத்தினார். சற்று நேரத்தில் எங்கள் நீர் செம்பழுப்பாகிச் சேறுபோலத் திரண்டது. அவருடைய நீர் தெளிவாகவே நின்றது. “இதைத்தானே சார் இத்தனை வருஷமாகக் குடித்தீர்கள்?” என்றார். என் மனைவியின் முகம் மாறிவிட்டது. நான் சமையலறையிலிருந்து ஒரு சிட்டிகை உப்பை எடுத்துவந்து அவருடைய நீரில் போட்டு, மறுபடியும் மின்சாரத்தைச் செலுத்தச் சொன்னேன். அதுவும் அதே நிறத்துக்கு வந்தது. உப்புகள் கரைந்த நீரில் மின்சாரம் பாயும்; அப்படிப் பாயும்போது கருவியில் உள்ள இரும்புக் கம்பி அரிக்கப்பட்டு இரும்பு ஹைட்ராக்சைடாகத் திரளும். அந்தச் சேறு கம்பியிலிருந்து வந்ததேயன்றி நீரிலிருந்து வந்ததன்று. மின்னாற்பகுப்பைப் பாடமாகப் படித்த பிள்ளைகள் இருக்கும் வீடுகளிலேயே இந்த வித்தை எடுபடுகிறது என்பது ஓர் ஆசிரியனாக எனக்கு வருத்தம் தருகிறது. அந்தத் தம்பியைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அவருக்குக் கற்றுக்கொடுத்தது அவ்வளவுதான். மோர் கொடுத்து அனுப்பினோம்.

அவர்கள் கையில் வைத்திருக்கும் மற்றொரு கருவி டி.டி.எஸ். மீட்டர். பேனா அளவில் உள்ள அது, நீரின் மின்கடத்தும் திறனைக் கொண்டு கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவைத் தோராயமாகக் காட்டும். கிருமி இருக்கிறதா, ஃபுளோரைடு இருக்கிறதா, குரோமியம் இருக்கிறதா என்பவற்றை அது சொல்லாது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2012-இல் வெளியிட்ட ஐ.எஸ். 10500 என்ற குடிநீர்த் தரத்தின்படி கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருப்பது ஏற்புடையது. வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 2,000 வரை அனுமதிக்கப்படுகிறது. அதே தரத்தில் மொத்தக் குரோமியத்துக்கான வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் மட்டுமே. நூற்றுக்கணக்கில் எண்களைக் காட்டும் மீட்டரில் அத்தனை நுண்ணிய அளவு தென்படாது. ஆகவே மீட்டரில் 300 என்று வந்தால் அஞ்சவும் வேண்டாம், 30 என்று வந்தால் மகிழவும் வேண்டாம்.

மரமில்லாத மலை, நீரில்லாத ஆறு, சாமியில்லாத கோயில் என்று வேலூரைக் கேலி செய்யும் பழைய பேச்சு தங்கள் வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு 1981-இல் சாமி திரும்பிவிட்டார். பாலாற்றிலும் 2021 நவம்பரில் வெள்ளம் கரைபுரண்டோடியது. ஆயினும் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை எனத் தோல் தொழில் வளர்ந்த ஊர்களின் நிலத்தடி நீருக்கு நேர்ந்த கேடு ஒரு வெள்ளத்தில் கழுவிப் போவதன்று. பச்சைத்தோல் கெடாதிருக்க இடப்படும் கறியுப்பும், பதனிடப் பயன்படும் குரோமியமும் பல்லாண்டுகளாக மண்ணில் இறங்கியிருக்கின்றன. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் அளித்த தீர்ப்பு, தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றதாகிவிட்டதைப் பதிவு செய்துள்ளது. ராணிப்பேட்டையில் 1990-களில் மூடப்பட்ட குரோமேட் தொழிற்சாலை விட்டுச்சென்ற கழிவுக் குவியலோ தனிக்கதை.

இந்த வட்டாரத்தில் ஒரே வீட்டுக்குள் மூன்று வகை நீர் இருப்பது வழக்கம். பாலாற்றுப் படுகையிலிருந்தும் பொன்னை ஆற்றிலிருந்தும் மேட்டூர்க் காவிரியிலிருந்தும் வரும் மாநகராட்சி நீர் ஒன்று. நாம் ‘உப்புத் தண்ணி’ என்று சொல்லும் ஆழ்துளைக் கிணற்று நீர் ஒன்று. இருபது லிட்டர் கேன் நீர் மற்றொன்று. எங்கள் வீட்டில் மாநகராட்சி நீர் மீட்டரில் 320 காட்டியது. போர் நீர் 1,400-ஐத் தாண்டியது. முன்னதற்கு ஆர்.ஓ. தேவையே இல்லை, பின்னதைக் குடிப்பதென்றால் ஆர்.ஓ.வைத் தவிர வேறு வழியில்லை. ஆனால் பெரும்பாலான வீடுகளில் இரண்டையும் ஒரே சம்பில் கலந்து, ஒரே மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றி, அந்தக் கலவைக்கு இயந்திரம் தேடுகிறோம். நல்ல தண்ணீருக்குத் தனிக் குழாயும் சிறு தொட்டியும் வைத்துக்கொண்டாலே பல வீடுகளில் அந்தச் செலவு மிஞ்சும்.

உப்பு குறைவாக உள்ள குழாய் நீரில் அஞ்ச வேண்டியது கிருமிகளையும் கலங்கலையும்தான். அதற்கு எளிய கருவிகளே போதும். மெழுகுவர்த்தி வடிவப் பீங்கான் குழல் வைத்த பழைய எவர்சில்வர் ஃபில்டர் கலங்கலையும் பெரும்பாலான பாக்டீரியாக்களையும் தடுக்கும். வைரஸை நம்பகமாகத் தடுக்காது, குழலில் மயிரிழை விரிசல் விழுந்துவிட்டால் பாக்டீரியாவையும் தடுக்காது. யு.எஃப். என்னும் நுண்சவ்வு வடிகட்டி மின்சாரமில்லாமலே இயங்கும். யு.வி. என்னும் புற ஊதா விளக்கு கிருமிகளைச் செயலிழக்கச் செய்யும். ஆனால் நீர் தெளிவாக இருந்தால்தான் ஒளி ஊடுருவும், மின்தடை நேரத்தில் அது வெறும் பெட்டி. அந்த விளக்கு ஓராண்டுக்குப் பின்னும் நீல ஒளியோடு எரிந்துகொண்டிருக்கும், கிருமியைக் கொல்லும் ஆற்றல் மட்டும் குறைந்திருக்கும் என்பதைப் பலர் அறிவதில்லை. இவை எதுவும் இல்லாதவர்கள் நீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்துக் குடிப்பது இன்றும் குறைவற்ற முறைதான். வேலூர் வெயிலுக்கும் ஒரு பயன் உண்டு: தெளிந்த நீரை நிறமற்ற பெட் பாட்டிலில் நிரப்பி ஆறு மணி நேரம் நல்ல வெயிலில் வைத்தால் கிருமிகள் பெரிதும் அழியும். நம் சி.எம்.சி. மருத்துவர்களே இம்முறையை இப்பகுதிக் குழந்தைகளிடையே ஆராய்ந்து, வயிற்றுப்போக்கு குறைந்ததை 2006-இல் வெளியிட்டிருக்கிறார்கள். ஆனால் கொதிக்கவைப்பதோ வெயிலோ யு.வி.யோ கறியுப்பையும் ஃபுளோரைடையும் குரோமியத்தையும் ஒரு துளிகூடக் குறைக்காது.

அவற்றைக் குறைப்பதற்கு ஆர்.ஓ. உதவும். அதற்குரிய விலையையும் சொல்ல வேண்டும். வீடுகளில் உள்ள சாதாரண ஆர்.ஓ. கருவி ஒரு லிட்டர் நல்ல நீருக்கு ஏறத்தாழ மூன்று லிட்டரை வெளியே தள்ளுகிறது. குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 15 லிட்டர் எடுக்கும் குடும்பம் 45 லிட்டரைச் சாக்கடையில் விடுகிறது. இப்படி ஆயிரம் வீடுகள் என்றால் 12,000 லிட்டர் லாரி ஏறத்தாழ நான்கு லோடு தினமும் வீணாகும். டேங்கர் வந்ததும் குடத்தோடு ஓடும் ஊரில் இது சிறிய கணக்கன்று. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல், உப்பு 500-க்குக் குறைவான இடங்களில் ஆர்.ஓ.வைத் தடைசெய்ய வேண்டும் என்று கூறியதற்கு நீர் வீணாவதும் ஒரு காரணம்.

ஆர்.ஓ. வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய மற்றொன்று, சுவைக்காகக் கருவியில் வைத்திருக்கும் டி.டி.எஸ். திருகு. அதைத் திறந்தால் ஆர்.ஓ. சவ்வைக் கடக்காத நீர் சிறிதளவு நல்ல நீரோடு கலக்கும். உப்பைப் பொறுத்தவரை மாநகராட்சி நீருக்கு அதனால் தீங்கில்லை. தோல் தொழிற்சாலைகளுக்கு அருகே போர் நீரை ஊற்றுபவர்கள் அதைத் திறந்தால், எதை நீக்கப் பணம் கொடுத்தார்களோ அதையே திரும்பவும் டம்ளருக்குள் விடுகிறார்கள். மெக்கானிக்கிடம் “கொஞ்சம் டேஸ்ட் வரட்டும்” என்று சொல்லுமுன் இதை நினைவில் கொள்ளவேண்டும்.

எனவே கருவி வாங்க ஆயிரக்கணக்கில் செலவிடுமுன் நீரை ஆய்வகத்தில் சோதிப்பதே முறை. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் பொதுமக்கள் கட்டணம் செலுத்திச் சோதித்துக்கொள்ளலாம். வெறும் டி.டி.எஸ். மட்டும் கேட்காமல் கடினத்தன்மை, ஃபுளோரைடு, நைட்ரேட், பாக்டீரியா ஆகியவற்றையும், பாலாற்றங்கரைத் தோல் தொழில் ஊர்களில் இருப்பவர்கள் குரோமியத்தையும் கேட்டுச் சோதிக்க வேண்டும். கோடையில் ஒரு முறையும் வடகிழக்குப் பருவமழைக்குப் பின் ஒரு முறையும் பார்ப்பது நல்லது. கிணற்று நீரின் தன்மை இரண்டு பருவங்களிலும் ஒன்றாக இருப்பதில்லை.

வேலூர் மாநகராட்சிக்கும் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி நகராட்சிகளுக்கும் தங்கள் வாயிலாக ஒரு வேண்டுகோள். வழங்கப்படும் நீரின் ஆய்வு முடிவுகளை மாதந்தோறும் வார்டு வாரியாக, சாதாரண மக்களுக்குப் புரியும் தமிழில், வார்டு அலுவலகச் சுவரிலும் நியாயவிலைக் கடைகளிலும் ஒட்ட ஏற்பாடு செய்ய வேண்டும். தாங்களும் சந்தை நிலவரம் வெளியிடும் பக்கத்தில் மாதம் ஒரு நாள் அந்தப் பட்டியலுக்கு இடம் ஒதுக்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
சத்துவாச்சாரி, வேலூர்.