கனடாவின் கேஜ்டவுன் இராணுவ முகாமில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள பிள்ளைக்கு,

விமான எதிர்ப்புப் பயிற்சிக்குப் பெயர் கொடுத்திருக்கிறாய் என்று நீ சொன்னதும், அம்மா போனை என் கையில் தந்துவிட்டு எழும்பிப் போய்விட்டா. உன்மேல் கோபம் ஒன்றும் இல்லை. யாழ்ப்பாணத்தில் பொம்பர் இரைச்சல் கேட்டால் பங்கருக்குள் ஓடிய ஆட்கள் நாங்கள். வானத்தைப் பார்த்து நிற்பதே ஒரு வேலை என்றால் அவவால் உடனே ஏற்றுக்கொள்ள முடியவில்லை. இரண்டு நாள் போகட்டும், தானாகவே கதைப்பா.

நான் வேறு மாதிரி. உன் 4வது ஆர்ட்டிலரி ரெஜிமென்ட் என்ற பீரங்கிப் படைப்பிரிவைப் பற்றியும், அதற்கு முன் கனடாவில் இந்தத் தொழிலைச் செய்தவர்களைப் பற்றியும் அகப்பட்டதையெல்லாம் வாசித்தேன். வாசித்த பிறகு எனக்குப் பட்டது இதுதான்: வானம் அமைதியானதும் இராணுவம் முதலில் கைவிடுவது உங்களைத்தான். மறுபடி வானத்தில் இரைச்சல் கேட்டால் அவசர அவசரமாகத் தேடுவதும் உங்களைத்தான்.

1944இல் இத்தாலியில் நடந்ததைப் பார். அங்கே கனடாவின் 1வது இலகுரக விமான எதிர்ப்பு ரெஜிமென்ட் போஃபர்ஸ் 40 மில்லிமீட்டர் பீரங்கிகளோடு நின்றது. ஸ்வீடன்காரர் வடிவமைத்த பீரங்கி. நான்கு நான்கு குண்டுகளாகக் கையால் மேலிருந்து போட்டுக்கொண்டே இருக்கவேண்டும், நிமிடத்துக்கு 120 வரை சுடும். கனடாவில் அதைச் செய்தது யார் தெரியுமா? ஹாமில்டனில் லிஃப்ட் செய்துகொண்டிருந்த ஓட்டிஸ்-ஃபென்சம் கம்பெனி! சரி, கதைக்கு வருகிறேன். அந்தக் கோடையில் இத்தாலிய வானத்தில் ஜெர்மன் விமானங்கள் அருகிவிட்டன. காலாட்படைக்கோ ஆள் போதவில்லை. ஆகவே ஜூலையில் அந்த ரெஜிமென்ட்டையே காலாட்படையாக மாற்றி, கோதிக் லைன் என்ற ஜெர்மன் தற்காப்பு அரணில் நடந்த சண்டைக்கு அனுப்பினார்கள். பிறகு லானார்க் அண்ட் ரென்ஃப்ரூ ஸ்கொட்டிஷ் என்ற பெயரையும் கொடுத்தார்கள். பீரங்கிக்குக் குண்டு போட்டவர்கள் சில வாரங்களில் துவக்கோடு மலைமேட்டில் நின்றார்கள். போர் முடிந்ததும், 1946இல், ஒன்டாரியோவில் இருந்த அதே பெயர்ப் படைப்பிரிவை விமான எதிர்ப்புப் படையாக மாற்றினார்கள், பிறகு காலாட்படை, 1992இல் திரும்பவும் விமான எதிர்ப்பு, இப்போது நிலப் பீரங்கி. அந்தப் படையின் சீருடைச் சின்னங்களைத் தைத்தவருக்கு நல்ல வருமானம் கிடைத்திருக்கும்.

1960 வாக்கில் இராணுவம் இந்த வேலையையே கிட்டத்தட்ட மூடிவிட்டது. இனி ஜெட் விமானங்களும் பெரிய ஏவுகணைகளும் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்ற எண்ணம். அப்புறம் ஜெர்மனியில் லார், பாடன்-சோலிங்கன் விமானத் தளங்களைக் காக்க ஏதாவது வேண்டும் என்றானபோது கையில் இருந்தது என்ன? கடற்படைக் கப்பல்களிலிருந்து கழற்றிவைத்திருந்த பழைய போஃபர்ஸ்தான். சோவியத் ஜெட்டுகளுக்கு எதிராக இரண்டாம் உலகப் போர்ப் பீரங்கி! இதைவிட வேடிக்கை, 1990களில் அதே வகைப் பீரங்கிகள் மறுபடி கடற்படைக்குப் போய் கிங்ஸ்டன் வகைக் கப்பல்களில் ஏறின.

உன் ரெஜிமென்ட்டை 4வது விமான எதிர்ப்பு ரெஜிமென்ட் என்ற பெயரில் 1987இல் ஜெர்மனியில்தான் அமைத்தார்கள். 35 மில்லிமீட்டர் இரட்டைப் பீரங்கிகள், தோளில் வைத்துச் சுடும் ஜாவலின் விமான எதிர்ப்பு ஏவுகணைகள், அவற்றோடு ஏடாட்ஸ். எனக்கு ஏடாட்ஸ் மேல்தான் கண். எம்113 கவச வண்டியின் மேல் எட்டு ஏவுகணைகள், லேசர் ஒளிக்கற்றையைப் பிடித்துக்கொண்டே போகும். விமானத்தையும் அடிக்கும், டாங்கியையும் அடிக்கும். கனடா 36 வாங்கியது. அமெரிக்காவும் வாங்குவதாக இருந்து, பனிப்போர் முடிந்ததும் கைகழுவிவிட்டது. பெரிய வாடிக்கையாளர் விலகிய ஆயுதத்தைத் தனியே பராமரிப்பது எவ்வளவு பாடு என்று யோசித்துப் பார். 2002இல் கனனாஸ்கிஸ் ஜி8 மாநாட்டுக்குக் காவலாகக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். ஆப்கானிஸ்தானில் எதிரிக்கு விமானமே இல்லை. 2012இல் ஏடாட்ஸுக்கு விடைகொடுத்தார்கள். மாற்றாக எதுவும் வாங்கவில்லை. உன் ரெஜிமென்ட் ரேடார், ட்ரோன் என்று வேறு வேலைக்குத் திரும்பியது.

பிறகு உக்ரைன். லாத்வியாவில் நேட்டோ படையை 2017 முதல் வழிநடத்துவது கனடா. ஆனால் அங்கே நின்ற கனடாக்காரரிடம் வானிலிருந்து வருவதைத் தடுக்கச் சொந்தமாக ஒன்றும் இருக்கவில்லை. 2024 பெப்ரவரியில்தான் ஆர்பிஎஸ் 70 என்ற விமான எதிர்ப்பு ஏவுகணை வாங்க 22 கோடி 75 லட்சம் டொலர் ஒதுக்கியதாக அறிவித்தார்கள். நீ பழகப்போவது அதைத்தான். அதுவும் ஸ்வீடனில் போஃபர்ஸ் கம்பெனி தொடங்கிவைத்த ஆயுதம். அதுவும் லேசர் கற்றையில்தான் போகிறது. ஆகவே ஏடாட்ஸில் கை பழகியவர்களின் அனுபவம் வீண் அல்ல என்று நினைக்கிறேன். பன்னிரண்டு வருஷ இடைவெளியில் அவர்களில் பாதிப்பேராவது ஓய்வு பெற்றிருப்பார்கள். உங்கள் மெஸ்ஸில் அப்படிப் பழைய சார்ஜன்ட் யாராவது மிஞ்சியிருந்தால் பக்கத்தில் போய் இரு. நகரும் இலக்கில் கண்ணை எப்படி நிறுத்துவது என்று கேள். பயிற்சி நேரத்தில் சொல்லாததை அவர் சாப்பாட்டு நேரத்தில் சொல்லுவார். சொன்னதை எனக்கும் எழுது. லாத்வியாவுக்கு எப்போது அனுப்புவார்கள் என்பதை அம்மாவிடம் நீயே சொல்லு, என்னை நடுவில் விடாதே.

அன்புடன்,
அப்பா