அடி விழுந்தால்தான் கொடுமையா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

"கை நீட்டவில்லையே, பொறுத்துப் போ" என்று எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்கு அவளுடைய தாயாரே அறிவுரை கூறியதைக் கேட்ட வேதனையில் இதை எழுதுகிறேன். சம்பளம் வந்த அன்றே மனைவியின் ஏடிஎம் அட்டையை வாங்கிக்கொள்வதும், கைபேசியை நாள்தோறும் சோதிப்பதும், பிறந்த வீட்டாருடன் பேசவிடாமல் தடுப்பதும், பிள்ளைகள் எதிரில் இழிவாகப் பேசுவதும் கண்டிப்பு என்ற பெயரில் நம் வீடுகளில் நடக்கின்றன. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமோ, உடல், பாலியல் வன்முறையோடு, சொல்லாலும் மனத்தளவிலும் பொருளாதாரத்திலும் இழைக்கப்படும் இக்கொடுமைகளையும் வன்முறை என்றே வரையறுக்கிறது.

"வெளியே துரத்திவிட்டால் எங்கே போவேன்?" என்ற அச்சமே பலரை வாய் மூட வைக்கிறது. வீடு தன் பெயரில் இல்லாவிட்டாலும், சேர்ந்து வாழ்ந்த வீட்டில் வசிக்கும் உரிமை பெண்ணுக்கு உண்டு என்பதை அவர்களிடம் யார் சொல்கிறார்கள்? இச்சட்டத்தின்கீழ் அரசு நியமித்துள்ள மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடம் பாதிக்கப்பட்டவர் மட்டுமன்றி, விவரம் அறிந்த எவரும் தகவல் தரலாம். நல்லெண்ணத்துடன் தகவல் தருபவர் மீது சட்டப் பொறுப்பு எதுவும் சுமத்தப்படாது. ஆகவே அக்கம்பக்கத்தார் "குடும்ப விவகாரம்" என்று ஒதுங்க வேண்டியதில்லை.

181 என்ற மகளிர் உதவி எண்ணை, கைபேசி சோதிக்கப்படும் பெண்கள் நம்பிக்கையான வேறொருவரின் கைபேசியிலிருந்து அழைப்பது பாதுகாப்பானது. அந்த எண்ணை ரேஷன் கடைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களின் மகளிர் கழிப்பறைகளிலும் எழுதிவைக்க அரசு ஆவன செய்ய வேண்டும். தங்கள் நாளிதழும் அதை நாள்தோறும் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, மதுரை