உன் மகளின் 'யக்'

அன்புள்ள சேகர்,

உன் கடிதத்துக்கு இவ்வளவு நாள் பதில் போடாமல் இருந்ததற்குத் திட்ட வேண்டியதைத் திட்டிவிட்டு மேலே படி. அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. மற்றதெல்லாம் வழக்கம்போலத்தான்.

மகள் எதற்கெடுத்தாலும் 'யக்' என்கிறாளே, கெட்ட வார்த்தையா என்று கேட்டிருந்தாய். இல்லை. குமட்டும்போது வரும் சத்தத்தையே சொல்லாக்கிவிட்டார்கள், நம் 'உவ்வே' போல. அமெரிக்கப் பேச்சுவழக்கு, 1960களில்தான் அச்சில் தலைகாட்டியது. 'யக்கி' அதிலிருந்து வந்த பெயரடை. 'அக்' (ugh) என்பது 'யக்'கைவிடப் பழையது, அலுப்புக்கும் ஆகும். திங்கட்கிழமை விடிந்ததும் 'அக்' என்று முனகலாம், 'யக்' சரிப்படாது. 'யக்' சொல்ல, கண்ணெதிரில் ஏதாவது பிசுபிசுத்துக்கொண்டோ நாறிக்கொண்டோ இருக்க வேண்டும். 'டிஸ்கஸ்டிங்' கனமான சொல், ஒருவர் முகத்துக்கு நேரே சொன்னால் சண்டைதான். 'யக்' வீட்டுக்குள்ளும் நண்பர்களிடமும் ஓடும், அலுவலகக் கடிதத்தில் எழுதிவிடாதே. நீ எழுதக்கூடியவன்தான், அந்த 'கைண்ட்லி' விவகாரத்தை நான் இன்னும் மறக்கவில்லை. இன்னொரு கூத்து, 'யக் யக்' என்று இரண்டு முறை சொன்னால் அமெரிக்காவில் அது சிரிப்புச் சத்தம்!

சொல் இருக்கட்டும். வகுப்பில் ஒரு பையன் இவளுடைய பென்சிலைத் தொட்டதும் 'யக்' என்று துடைத்தாள் என்று கடைசியில் ஒரு வரி, சிரிப்புச் செய்திபோல எழுதியிருக்கிறாயே, அதுதான் என்னை உறுத்துகிறது. டார்வின் 1872-ல் உணர்ச்சிகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். தென்னமெரிக்காவின் தெற்குக் கோடியில், தியெரா தெல் ஃபுவேகோவில், அவர் தின்றுகொண்டிருந்த பதப்படுத்திய இறைச்சியைப் பூர்வகுடி ஒருவர் விரலால் தொட்டுப் பார்த்து, அது கொழகொழவென்று இருந்ததில் அருவருப்புப்பட்டாராம். அந்த மனிதர் தொட்டதில் டார்வினுக்கும் அருவருப்பு. கை அழுக்காகத் தெரியவில்லை என்று அவரே எழுதியும் இருக்கிறார். அவ்வளவு பெரிய மனிதருக்கே அப்படி. பால் ரோசின் என்ற உளவியலாளர், கிருமி நீக்கிய செத்த கரப்பான் பூச்சியைப் பழச்சாற்றில் முக்கி எடுத்துவிட்டுக் குடிக்கச் சொன்னார், சுத்தம்தான் என்று தெரிந்தும் ஆட்களுக்கு மனம் வரவில்லை. தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்பதுதான் இந்த உணர்ச்சியின் கணக்கு, அறிவு சொல்வதை அது காதில் வாங்காது. அருவருப்பு கரப்பான் மேல் இருக்கும்வரை சரி, நம்மைக் காப்பாற்றத்தானே வந்தது. அதே கணக்கை ஒரு மனுஷன் மேல் போட்டால் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை, நீயும் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்தவன்தானே.

அவளை அதட்டாதே, சொல்லைத் தடை செய்தால் வேறு சொல் பிடிப்பாள். அந்தப் பையன் பெயர் என்ன என்று மட்டும் கேள், தெரியாது என்றால் தெரிந்துகொண்டு வரச் சொல்.

அப்புறம், மூர்த்தியின் நம்பர் மாறிவிட்டதா? புதியது இருந்தால் அனுப்பு, அவனிடம் வசூலிக்க வேண்டியது நிறைய இருக்கிறது.

உன்,
ரவி