ஆத்துப் பேரு மட்டும் எப்படி தப்பிச்சுது

கண்ணா,

நீ அனுப்புன இங்கிலாந்து பிரிஸ்டல் தொங்கு பாலம் போட்டோ பாத்தேன், பாலம் கெடக்கட்டும், கீழ சேறும் சகதியுமா ஓடுதே ஏவன் ஆறு, அதப் பத்தியே படிச்சிட்டு இருக்கேன், உங்கப்பாவுக்கு ஒரே கடுப்பு. ஏவன்னாலே ஆறுதான்டா! ரோமானியர் வர்றதுக்கு முன்னாடியே அங்க பேசுன கெல்டிக் மொழியில அபோனான்னு சொல்லிருக்காங்க, வேல்ஸ்ல இன்னைக்கும் ஆத்துக்கு ஆவொன்னுதான் பேரு. பின்னாடி வந்த இங்கிலீஷ்காரங்க அது அந்த ஒரு ஆத்தோட பேருன்னு எடுத்துக்கிட்டாங்க, அதான் ஷேக்ஸ்பியர் ஊருல ஓடுறது ஒரு ஏவன், உங்க ஊருல ஓடுறது வேற ஏவன்.

ஆனா பிரிஸ்டல் பக்கா இங்கிலீஷ் பேரு, பாலத்தடின்னு வச்சுக்கயேன். 5ஆம் நூற்றாண்டுலருந்து வந்து குடியேறுன அந்த இங்கிலீஷ்காரங்க ஊருக்கெல்லாம் டன், ஹாம்னு முடியற மாதிரி அவங்க பேர வச்சுட்டு ஆத்துப் பேர மட்டும் விட்டுட்டாங்க. கிழக்க பெரிய ஆறுங்களுக்குத்தான் பழைய பேரு மிஞ்சிருக்கு, மேக்க போகப் போக சின்ன ஓடைக்குக்கூட இருக்கு. பழைய ஜனங்கள அடிச்சு வெரட்டிட்டாங்கன்னு ஒரு கத சொல்வாங்கல்ல, எனக்கு நம்பிக்கை இல்ல, எல்லாரையும் வெரட்டிட்டா ஆத்துப் பேர யாருகிட்ட கேட்டுருப்பாங்க?

அப்புறம், பெரிய பெரிய கல்ல வட்டமா நிறுத்தி வச்ச ஸ்டோன்ஹெஞ்ச கெல்டிக் ஆளுங்க கட்டுனாங்கன்னு போன்ல அடிச்சு விட்டியே, அது தப்பு. அந்தப் பெரிய கல்லுங்கள நிறுத்துனது கிமு 2500 வாக்குல, கெல்டிக் பேச்சு அங்க வந்தது அதுக்கு ரொம்பப் பின்னாடின்னுதான் நெறைய பேரு சொல்றாங்க. ட்ரூயிட்டுங்கிற கெல்டிக் பூசாரிங்களோட அத முடிச்சுப் போட்டது 17, 18ஆம் நூற்றாண்டுக்காரங்க.

அவ்ளோ தூரம் எதுக்குப் போற, பிரிஸ்டலுக்குத் தெக்க 10 கிலோமீட்டர்லயே ஸ்டான்டன் ட்ரூன்னு ஒரு ஊரு, அங்கயும் கல்வட்டம் இருக்கு. பெரிய கல்வட்டம் மட்டும் 113 மீட்டர் குறுக்களவு, 26 கல்லு மிஞ்சிருக்கு, முக்காவாசி சாஞ்சு படுத்துக் கெடக்கு. 1997ல மண்ணத் தோண்டாமலே கருவி வச்சுப் பாத்ததுல உள்ள ஒம்பது வளையமா குழி குழியா தெரிஞ்சுதாம், மரத்தூண் நட்ட குழியா இருக்கும்ங்கிறாங்க. ஊர்க்காரங்க சொல்ற கத வேற! சனிக்கிழம கல்யாண வீட்டுல ஆட ஆரம்பிச்சு ஞாயித்துக்கிழம பொறந்தும் நிறுத்தாம ஆடுனாங்களாம், சாத்தானே வந்து ஃபிடில் வாசிச்சானாம், அத்தன பேரும் கல்லாப் போயிட்டாங்க. இங்கயும் பாரு, ஸ்டான்டன்கிறது இங்கிலீஷ், பக்கத்துல ஓடுற ச்சூ ஆத்துக்கு மட்டும் அதே பழைய கெல்டிக் பேரு.

மருமகளையும் கூட்டிட்டுப் போ, வயக்காடு அது, நல்ல ஷூ போட்டுக்க. மாமாவுக்கு முட்டி ஆப்ரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்தாச்சு, மறக்காம ஒரு போன் போடு.

அம்மா