இசை நாடக நினைவுப் பொருள்களை விற்போர் கவனத்திற்கு

உறுப்பினர்களுக்கு வணக்கம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் வாங்கிய இசை நாடக நோட்டீஸ்கள், பாட்டுப் புத்தகங்கள், கிட்டப்பா, கே. பி. சுந்தராம்பாள் இசைத்தட்டுகள் ஆகியவற்றை இங்கு விற்பனைக்குப் பதிவிடும்போது, மூலப் பதிப்பா மறுபதிப்பா என்பதைத் தவறாமல் குறிப்பிட வேண்டுகிறோம். அச்சகப் பெயருள்ள பக்கத்தின் படம் கட்டாயம். கிழிசலைச் செலோடேப்பால் ஒட்டாதீர்கள்; அதன் பசை தாளைப் பழுப்பாக்கிவிடும்.

நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) மரபில் வந்த நடிகர்கள் கைப்பட எழுதிவைத்த நாடகப் பிரதிகள், நம் பார்வையில், விலைக்கு அப்பாற்பட்டவை. வரலாற்று, இலக்கிய மதிப்புடைய, 75 ஆண்டுகளுக்குக் குறையாத கையெழுத்துப் பிரதிகளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடைசெய்கிறது என்பதால், மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ உள்ள உறவினர் கேட்டாலும் ஒளிநகல் எடுத்து மட்டுமே அனுப்புங்கள்.